உள்ளங்கையில் முந்நூற்றிருபது

1

1996 ஜூன் 12, புதன்கிழமை, காலை எட்டு மணி இருபது நிமிடம். மைசூரில் தூறல். முந்தின நாள் மாலையிலிருந்தே விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்தது. சாமுண்டி மலை பாதிக்கு மேல் மேகத்துக்குள் இருந்தது. அரசு ஆய்வகத்தின் பின்புற அறையில், நான் ஓய்வுபெற்று நான்கு ஆண்டுகள் ஆன பிறகும் அதே ஆணியில் தொங்கிய வெப்பமானி இருபத்து மூன்று டிகிரி காட்டியது. என் உடம்பின் வெப்பம் நூறு புள்ளி நான்கு. மேசைமேல் நான்கு வரிசையில் முப்பத்திரண்டு சின்னக் கண்ணாடிக் குழாய்கள். மூன்று பேர் நின்றோம்: நான், என் மகள் சுமதி, என்னிடம் பதினாறு வருடம் வேலை பார்த்த ரத்னம்மா. மூன்று பேர் வலது கையிலும் பேனா.

குழாய்களில் இருந்தது என் ரத்தத்திலிருந்து எடுத்த சீரம். அது என்ன சொல்கிறது என்பதைப் பொறுத்து, சுமதி வெள்ளிக்கிழமை அமெரிக்காவுக்குப் போவாள், அல்லது போகமாட்டாள்.

2

எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்க ஆண்டு மலருக்கு "வெளிநாட்டு வாழ்க்கை பற்றி எதையாவது" எழுதும்படி மைசூரிலிருந்து கடிதம் வந்து இரண்டு மாதம் ஆகிறது. எதையாவது எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இன்று காலை நாள்காட்டியில் ஜூன் 12 என்று பார்த்த பிறகுதான் உட்கார்ந்தேன். 1999, சனிக்கிழமை. மூன்று வருடம் முழுதாக முடிந்திருக்கிறது.

இப்போது இருப்பது விஸ்கான்சின் மாநிலத்தில், ஓர் ஏரிக்கரை ஊரில். நானும் என் மனைவி லலிதாவும் வந்து பதினோரு மாதம் ஆகிறது. ஆறு மாதம் என்று வந்தோம். விண்ணப்பம் போட்டு இன்னும் ஆறு மாதம் நீட்டினோம். லலிதா ஊரை நன்றாகப் பிடித்துக்கொண்டுவிட்டாள். எந்த பஸ் எங்கே திரும்பும் என்று தெரிந்து வைத்திருக்கிறாள். கொத்தமல்லி மலிவாகக் கிடைக்கும் மெக்சிகோக்காரர் கடைக்குத் தனியாகப் போய்வருகிறாள். எனக்குத்தான் எதுவும் பிடிபடவில்லை. முக்கியமாக வெப்பநிலை. மைசூரில் காற்றை செல்சியஸில் அளப்போம், காய்ச்சலை ஃபாரன்ஹீட்டில் அளப்போம், இரண்டும் கலக்காது. இங்கே காற்றுக்கும் ஃபாரன்ஹீட். போன ஜூலையில் வந்திறங்கிய வாரம் டெலிவிஷனில் ஒரு பெண் சிரித்துக்கொண்டே "நாளைக்கு நூறு" என்றாள். ஊருக்கே ஜுரம் என்பது போல எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்று காலை இன்சூரன்ஸ் படிவம். வருகையாளர்களுக்கான மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்க வேண்டும். பதினேழாவது கேள்வி: உங்களுக்கு டைஃபாய்டு வந்ததுண்டா, அல்லது அதற்கான பரிசோதனையில் பாசிட்டிவ் என்று வந்ததுண்டா? ஆம், இல்லை, இரண்டு கட்டங்கள்.

சுமதி ரொட்டியை நின்றபடியே தின்றுகொண்டிருந்தாள். இந்த ஊரில் அவள் உட்கார்ந்து காலை உணவு தின்று நான் பார்த்ததில்லை.

"இல்லைன்னு போடுங்கப்பா."

"பாசிட்டிவ்னு வந்துதே."

"வந்தது டைஃபாய்டு இல்லையே."

"அது வேற கேள்வி. இவன் ரெண்டையும் ஒண்ணா முடிச்சுப் போட்டுக் கேக்கறான். அதுக்குத் துண்டா ஒரு தாள் எழுதி இணைக்கலாமா?"

"இணைச்சா ஃபோன் பண்ணுவாங்க. ஃபோன் பண்ணா நீங்க மைசூர்லேருந்து ஆரம்பிப்பீங்க. கொடுங்க இப்படி." அவளே "இல்லை"யில் கோடு போட்டாள். "லேபுக்குப் போறேன். ஹோம் வர லேட்டாகும்."

சனிக்கிழமையும் லேப். அதுகூடப் பரவாயில்லை. முதல் வருடம் அவள் எழுதிய கடிதங்களில் ஹோம் என்றால் மைசூரில் எங்கள் மண்டி மொஹல்லா மாடி வீடு. இப்போது இந்த மூன்றாவது மாடி அறைகள். எந்தக் கடிதத்தில் மாறியது என்று தேடிப் பார்த்திருக்கிறேன். பதினான்காவது.

3

என் அப்பா ரயில்வே வேலைக்காக மைசூர் வந்தவர். நான் அங்கேயே பிறந்து, அங்கேயே படித்து, இருபத்தேழு வருடம் அந்த அரசு ஆய்வகத்தில் இருந்தேன். எங்கள் பிரிவின் தினசரி வேலை டைஃபாய்டு பரிசோதனை. காய்ச்சல்காரர் ரத்தத்தைக் கொண்டுவந்தால் சீரத்தைப் பிரித்து, இருபதில் ஒரு பங்கு, நாற்பதில் ஒரு பங்கு, எண்பது, நூற்றறுபது, முந்நூற்றிருபது, அறுநூற்று நாற்பது, ஆயிரத்து இருநூற்றெண்பது என்று ஏழு குழாய்களில் நீர்க்க வைப்போம். எட்டாவதில் வெறும் உப்புத் தண்ணீர். எல்லாவற்றிலும் செத்த டைஃபாய்டு கிருமிகளைச் சொட்டுவிட்டு, இரவு முழுவதும் வெந்நீர்த் தொட்டியில் வைத்துவிட்டால், காலையில் எந்தக் குழாய்வரை கிருமிகள் ஒட்டிக்கொண்டு திரண்டிருக்கின்றன என்று பார்க்கலாம். அதுதான் அவர் எண்.

இதில் இரண்டு வகை உண்டு. கிருமியின் உடம்பை எதிர்த்து ரத்தம் உண்டாக்கும் பொருள் ஒன்று. அதை ஓ என்போம். கிருமி நீந்துவதற்கு வைத்திருக்கும் வாலை எதிர்த்து உண்டாக்குவது இன்னொன்று, அது எச். பாடப் புத்தகத்தில் வாலைக் கசையிழை என்று எழுதியிருப்பார்கள். நாங்கள் வால் என்றே சொல்லிவந்தோம். ஓ திரண்டால் குழாயின் அடியில் மணல் போலக் கிடக்கும். எச் திரண்டால் பஞ்சு போல மிதக்கும். நோய் போன சில மாதங்களில் ரத்தம் கிருமியின் உடம்பை மறந்துவிடும். வாலை மறக்க வருடக்கணக்காகும். சிலருக்கு மறப்பதே இல்லை.

ஜனவரி மாதம் ஒரு சனிக்கிழமை எங்கள் எல்லோருக்கும் தடுப்பூசி போடுவார்கள். தோள் வீங்கும், அரை நாள் விடுமுறை, கேண்டீனில் கேசரி. இருபத்தேழு வருடத்தில் எனக்கு இருபத்தாறு ஊசி. ஒரு வருடம் மஞ்சள் காமாலையில் படுத்திருந்தேன். ஊசியால் எல்லோருக்கும் எச் ஏறும், சில மாதத்தில் இறங்கும். என்னுடையது மட்டும் இறங்காது. முந்நூற்றிருபதில் ஏறி உட்கார்ந்துவிடும். அதனால் எங்கள் அதிகாரி ஒரு வேலை செய்தார். தினமும் பரிசோதனை ஒழுங்காக நடக்கிறதா என்று சரிபார்க்க, எண் முன்பே தெரிந்த ஒரு சீரம் வேண்டும், அதைக் கன்ட்ரோல் என்போம். வெளியிலிருந்து வாங்கப் பணம் வராது. வருடத்துக்கு இரண்டு தடவை என் கையில் ரத்தம் எடுத்து, சின்னச் சின்னக் குப்பிகளில் அடைத்து, என் பெயரின் முதலெழுத்தை ஒட்டி உறைபெட்டியில் வைத்துவிட்டார். மைசூர் ஜில்லாவில் யாருக்கு டைஃபாய்டு என்று சொல்வதற்கு முன்னால், என் ரத்தம் முந்நூற்றிருபது காட்டுகிறதா என்று பார்ப்பார்கள். காட்டாவிட்டால் அன்றைய வேலை முழுவதையும் கொட்டிவிட்டு மறுபடி செய்வார்கள்.

அவர் கொண்டுவந்த இன்னொரு வழக்கம் உள்ளங்கை. குழாயைப் பார்த்து எண் சொல்வது கண்ணின் வேலை. ஒருவர் உரக்கச் சொல்லிவிட்டால் அடுத்தவர் கண்ணுக்கும் அதுவே தெரியும். அதனால் சந்தேகமான வரிசையை மூன்று பேர் தனித்தனியாகப் பார்ப்போம். அவரவர் இடது உள்ளங்கையில் எண்ணை எழுதிக்கொள்வோம். பிறகு மூன்று கைகளையும் ஒன்றாக விரிப்போம். இடது கை ஏன் என்றால், வலது கையால் மத்தியானம் சாப்பிட வேண்டுமே.

சுமதிக்கு ஒன்பது வயதில் ஒருமுறை ஸ்ரீரங்கப்பட்டணம் கூட்டிப்போனேன். கோயில் திருவிழாவுக்கு முன்னால் காவிரித் தண்ணீரைச் சோதிக்க ஜீப்பில் போனோம். திரும்பி வந்து ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்து அவளைப் பார்க்கச் சொன்னேன். நிறைய நேரம் கண்ணை எடுக்கவில்லை. "அப்பா, இதெல்லாம் எங்க போறது?" என்றாள். எங்கேயும் போகவில்லை, சும்மா நீந்துகிறது என்றேன். "இல்ல, இது ஒண்ணு வேற பக்கம் போறது," என்றாள்.

4

காய்ச்சல் சனிக்கிழமை ஆரம்பித்தது. ஞாயிற்றுக்கிழமை நான் கட்டிலில் கிடக்க, அம்மாவும் பெண்ணும் கூடத்தில் பெட்டி அடுக்கினார்கள். லலிதா ஊறுகாய் பாட்டிலுக்கு மூன்றாவது சுற்றுத் துணி சுற்றிக்கொண்டிருந்தாள்.

"அங்க போய் என்னதான்டி பண்ணப் போறே? கேக்கறவங்களுக்கு நான் என்ன சொல்றது?"

"டைஃபாய்டு ஜாதிக் கிருமி இருக்கில்லம்மா, அது வால் கட்டிக்கறது. எந்த ஜீன் எப்போ கட்டச் சொல்லுதுன்னு பாக்கணும்."

"வால் கட்டறதைப் பாக்க அமெரிக்காவா?"

"கேளும்மா. மேல ஒரு ஜீன், எஜமான் மாதிரி. அது சொன்னா ரெண்டாவது வரிசை ஜீனெல்லாம் வேலை ஆரம்பிக்கும். மொதல்ல கிருமியோட சுவர்ல ஒரு அடி வளையம் கட்டும், அதுக்கு மேல ஒரு கொக்கி. அது முடியற வரைக்கும் வாலுக்கான மூணாவது வரிசை வாயே திறக்கக் கூடாது. திறக்காம பிடிச்சு வெச்சுக்கறதுக்குன்னே ஒரு புரோட்டீன் இருக்கு."

லலிதா பாட்டிலைக் கீழே வைத்தாள். "கல்யாணத்துல பந்திக் கதவைப் பிடிச்சுக்கிட்டு நிப்பாரே உங்க பெரியப்பா, அது மாதிரியா? இலை போட்டு உப்பு வெச்சு ஆகற வரைக்கும் ஒரு ஆளை உள்ள விடமாட்டார்."

"அதேதான். கொக்கி முடிஞ்சுதா, நடுவுல குழாய் மாதிரி ஒரு வழி இருக்கும். அது வழியா அந்தப் பெரியப்பாவையே மொதல்ல வெளிய தள்ளிடும். அப்புறம்தான் வால் முளைக்கும்."

நான் கட்டிலிலிருந்து சொன்னேன்: "நல்ல நியாயம். அவ்வளவு நேரம் காவல் காத்தவனைப் பிடிச்சு வெளிய தள்றதா?"

"அவர் உள்ள இருந்தா வால் வராதுப்பா."

"ஒரு வாய் சாப்பாடாவது போட்டு அனுப்பலாம்," என்றாள் லலிதா.

சுமதி சிரித்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள். வால் மரம் மாதிரி அடியிலிருந்து வளர்வதில்லையாம். புதுத் துண்டுகள் அந்தக் குழாய் வழியாகவே போய், நுனியில் ஒட்டிக்கொள்ளுமாம். வளர்வதெல்லாம் தூரத்துக் கடைசியில். உடம்புக்குள் புகுந்து பதுங்கியதும் கிருமி வால் கட்டுவதையே நிறுத்திவிடுமாம், ரத்தம் அதைத்தான் அடையாளம் வைத்துக்கொள்கிறது என்பதால். இருபத்தேழு வருடம் நான் வாலைச் செத்த நிலையில் மட்டுமே பார்த்தவன். அதைக் கட்டுவதற்கு இத்தனை உத்தரவும் தடையும் உண்டு என்பது எனக்குப் புதிது. காய்ச்சலிலும் கேட்க நன்றாக இருந்தது.

5

திங்கட்கிழமை குடும்ப டாக்டர், எங்கள் சந்து முனையில் புதிதாக வந்திருந்த ஒரு தனியார் லேபில் ரத்தம் கொடுக்கச் சொன்னார். அவர்கள் இரவு முழுவதும் வைக்காமல் கண்ணாடித் தட்டில் அவசரமாகப் பார்ப்பவர்கள், மாலையிலேயே முடிவு வந்தது. ஓ நாற்பது. எச் முந்நூற்றிருபது. அந்த லேப்காரருக்கு நான் யார் என்று தெரிய வாய்ப்பில்லை. அவர் பார்த்ததும் சரியான எண்தான்.

"ஸார், ரிப்போர்ட் நோடி," என்றார் டாக்டர். கன்னடக்காரர், எங்களுக்காகத் தமிழ் கலந்து பேசுவார். "எச் முந்நூற்றிருபது. டைஃபாய்டே. சந்தேகவே இல்லா. மூணு வாரம் ரெஸ்ட்."

"டாக்டர், என் எச் எப்பவும் முந்நூற்றிருபதுதான்."

"எப்பவும் டைஃபாய்டு இருக்கா ஸார் உங்களுக்கு?"

"ஜுரம் வந்து மூணு நாள்தான் ஆறது. மூணு நாள்ல ரத்தம் இவ்வளவு தயார் பண்ணாது. ஓவும் ஏறலை. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பார்த்து, நாலு மடங்கு ஏறியிருந்தா அப்போ சொல்லுங்க."

"ஒரு வாரம் பார்க்கலாம். அதுவரைக்கும் மாத்திரை சாப்பிடிங்க," என்று தன்னிடம் இருந்ததையே எடுத்துக் கொடுத்துவிட்டார். அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஊரில் அந்த மாதம் டைஃபாய்டு நிறைய.

வீட்டில்தான் பிரச்சினை. ஒரு வாரம் என்பது எங்களிடம் இல்லை. விமானம் வெள்ளிக்கிழமை. பதினேழாம் தேதி திங்கட்கிழமைக்குள் வேலையில் சேராவிட்டால் ஆராய்ச்சி இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று அவளை எடுத்துக்கொண்ட அமெரிக்கப் பேராசிரியர் ஃபேக்ஸ் அனுப்பியிருந்தார். அவளுக்கு அந்த இடம் கிடைக்க இரண்டு வருடம் ஆகியிருந்தது, நாற்பத்தொரு விண்ணப்பங்கள்.

சுமதி முடிவு வந்த தாளைப் படித்தாள். படித்துவிட்டுப் பெட்டியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுக்க ஆரம்பித்தாள்.

"என்ன பண்றே?"

"நான் போகலை. டைஃபாய்டுல மூணாவது வாரம்தான் ஆபத்து. எனக்குத் தெரியாதா? அம்மா ஒருத்தியா என்ன பண்ணுவாங்க?"

"இது டைஃபாய்டு இல்ல. என் ரத்தம் அப்படித்தான். நான்தானே கன்ட்ரோல்."

"நாலு வருஷமா ஊசி போட்டுக்கலை நீங்க. இறங்கியிருக்கும்."

"இறங்கலை."

"எப்படித் தெரியும்? யாராவது அளந்தாங்களா?" என்றாள். பிறகு குரலை இறக்கி, "அப்பா, நீங்க என்னை ஏரோப்ளேன்ல ஏத்தறதுக்காகப் பேசறீங்க," என்றாள்.

நான் பேசியது சரியான விஞ்ஞானம். ஆனால் புடவைகள் பெட்டியிலிருந்து வெளியே வருவதைப் பார்க்கும்போது எனக்கு ஒரு பக்கம் ஆறுதலாகத்தான் இருந்தது. அந்த ஆறுதலை மறைக்கத்தான் இவ்வளவு அடித்துப் பேசுகிறேனோ என்று என் விஞ்ஞானத்தின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. லலிதா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "டாக்டருக்குப் படிச்சவர் அவரா நீங்களா?" என்று மாத்திரையை நீட்டினாள்.

"மாத்திரைக்கு முன்னால, ரத்தத்துல கிருமி வளருதான்னு பாக்கற வளர்ப்புச் சோதனைக்கு ரத்தம் எடுக்கணும். நாளைக்குக் காலையில நம்ம லேபுக்குப் போய் எடுத்துட்டு அப்புறம் போட்டுக்கறேன்," என்றேன். அதற்கு மட்டும் சுமதி தலையாட்டினாள். அந்தச் சோதனை முடிவும் ஐந்து நாளுக்கு முன் வராது.

6

செவ்வாய்க்கிழமை காலை ஆட்டோவில் போனோம். ரத்னம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள். மைசூர்க்காரி, என்னிடம் தமிழ் கற்றுக்கொண்டவள், அதனால் தமிழிலும் என்னை அதட்டுவாள்.

"ஏன் ஸார், முகவெல்லாம் வாடியிருக்கு? நம்ம கன்ட்ரோலுக்கே ஜ்வரவா?"

விஷயத்தைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே என் கையில் ரத்தம் எடுத்தாள். "ஒரு வாரம் கழிச்சு ரெண்டாவது ரத்தம் எடுத்தாத்தான் தெரியும். அதுக்குள்ள இவ ஃப்ளைட் போயிடும்," என்று நான் முடித்தபோது, சுமதி உறைபெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ரத்னம்மா அத்தே, அப்பாவோட குப்பி இன்னும் இருக்கா?"

"இருக்கே. அதை வெச்சுத்தானே இன்னும் பார்க்கறோம். சிக்கனமா உபயோகிச்சு உபயோகிச்சு, ஒண்ணே ஒண்ணு மிச்சம். தொண்ணூத்திரண்டில எடுத்தது."

"அப்போ ரெண்டாவது ரத்தத்துக்கு ஏன் ஒரு வாரம் காத்திருக்கணும்?" என்றாள் சுமதி. "மொதல் ரத்தம்தான் இங்கயே இருக்கே. தொண்ணூத்திரண்டு அப்பா ஒரு வரிசை, இன்னிக்கு அப்பா ஒரு வரிசை. ஒரே தொட்டி, ஒரே கிருமி, ஒரே ராத்திரி. நாலு மடங்கு ஏறியிருந்தா டைஃபாய்டு. ரெண்டும் ஒண்ணா நின்னா, இது பழைய ஞாபகம்."

இது எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. நான் உடனே குறை கண்டுபிடிக்க ஆரம்பித்தேன்: நாலு வருடத்தில் எத்தனை தடவை கரண்ட் போயிருக்கும், பழைய சீரம் வலுக் குறைந்திருக்கலாமே, என்று. சுமதி, "குறைஞ்சிருந்தா புதுசு அதிகமாத் தெரியும். எனக்குப் போகாம இருக்கத்தான் அது சாதகம். அப்படியிருந்தும் ஒண்ணா நின்னா?" என்றாள். அதற்கு மேல் வாதம் இல்லை.

ரத்னம்மாவுக்கு மட்டும் ஒரு தயக்கம். "கடைசிக் குப்பி ஸார். இதுவும் போனா நாளைக்குக் கன்ட்ரோலுக்கு என்ன பண்றது?"

"ஜுரம் விட்டதும் வந்து புதுசு கொடுக்கறேன்," என்றேன். "எங்க ஓடிப்போறேன் நான்?"

அவள் குப்பியைத் தன் உள்ளங்கையில் மூடி உருக்கினாள். சுமதி இரண்டு சீரத்தையும் நீர்க்க வைத்தாள். எச்சுக்கு இரண்டு வரிசை, ஓவுக்கு இரண்டு. அவள் கை வேலை செய்வதை ஸ்டூலில் உட்கார்ந்து பார்த்தேன். குறை சொல்ல எதுவும் இல்லை.

வீடு திரும்பியதும் லலிதா மாத்திரையைக் கொடுத்து, விழுங்கும்வரை நின்று பார்த்துவிட்டுச் சொன்னாள்: "டிராவல் ஏஜெண்ட் ஆள் அனுப்பினார். இன்னிக்குச் சாயங்காலத்துக்குள்ள தேதி மாத்தலைன்னா டிக்கெட் பணம் மொத்தமும் போயிடுமாம். எதுக்கும் போய்ச் சொல்லிட்டு வந்துடுங்க." என் ஓய்வூதியத்தின் பேரில் வங்கியில் கடன் வாங்கிப் போட்ட டிக்கெட் அது. ஜுரத்தோடு சந்து முனைக்கு நடந்து போனேன். வெள்ளிக்கிழமை இடத்தையும் ஜூலை 12 இடத்தையும் புதன் மத்தியானம் வரை சேர்த்துப் பிடித்து வைக்க எழுநூற்றைம்பது ரூபாய் கேட்டார். கொடுத்தேன். ஜூலை 12க்குள் அந்த வேலை வேறு ஆளுக்குப் போயிருக்கும். அது எனக்கும் தெரியும், லலிதாவுக்கும் தெரியும்.

7

புதன்கிழமை காலை, முதலில் எழுதிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

ஓ வரிசைகளில் சந்தேகம் இல்லை. இரண்டிலும் நாற்பதோடு நின்றிருந்தது. எச் வரிசைகளைத்தான் பார்க்க வேண்டும். ரத்னம்மா முதலில் பார்த்தாள், ஜன்னல் பக்கம் திரும்பி உள்ளங்கையில் எழுதினாள். அடுத்து சுமதி. கடைசியாக நான்.

பழைய வரிசை: ஐந்தாவது குழாய்வரை பஞ்சு. முந்நூற்றிருபது, நான் பணியில் இருந்தபோது இருந்தது போலவே. புது வரிசை: ஐந்தாவதில் பஞ்சு. ஆறாவதைக் கருப்பு அட்டைக்கு எதிரே பிடித்தேன். ஏதோ மிதந்தது போல இருந்தது. ஏழாவதைப் பிடித்தேன். அதிலும் மிதந்தது போல இருந்தது. ஏழாவது என்றால் நாலு மடங்கு, டைஃபாய்டு, அவள் போகமாட்டாள். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தேன். என் கண் எதைப் பார்க்க ஆசைப்படுகிறது என்று எனக்குத் தெரிந்தது. இருபத்தேழு வருடத்தில் எத்தனையோ பேருடைய ரத்தத்தை இப்படித் தூக்கிப் பிடித்திருக்கிறேன். எந்தப் பக்கமும் ஆசை இல்லாமல் பிடித்திருக்கிறேன். அன்று எட்டாவது குழாயை எடுத்துப் பார்த்தேன். அது வெறும் உப்புத் தண்ணீரும் கிருமியும். அதில் ரத்தமே கிடையாது. அதிலும் எனக்கு மிதந்தது போலத்தான் இருந்தது.

பேனாவை எடுத்து எழுதினேன்.

"ஆயித்தா ஸார்?" என்றாள் ரத்னம்மா. "ஒந்து, எரடு, மூறு."

மூன்று கைகளை விரித்தோம். 320. 320. 320. என்னுடையது வியர்வையில் கொஞ்சம் கலைந்திருந்தது. சுமதி என் மணிக்கட்டைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பி, எண்ணைச் சரியாகப் படித்தாள்.

"நாலு வருஷமா அப்படியே வெச்சிருக்கீங்களேப்பா," என்றாள்.

"நான் எங்க வெச்சேன்? அது தானா இருக்கு."

அவள் கையை விடவில்லை. ரத்னம்மா குழாய்களை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டாள். வெளியே தூறல் நின்றிருக்கவில்லை. அடுத்த நாள் என் ஜுரம் விட்டது. வெள்ளிக்கிழமை சுமதி போனாள். வளர்ப்புச் சோதனையில் எதுவும் முளைக்கவில்லை. அந்த மாதக் கடைசியில் நான் ஆய்வகத்துக்குப் போய்ப் புது ரத்தம் கொடுத்தேன். பதினெட்டு குப்பிகள் ஆயின.

8

போன மாதம் சுமதி என்னைத் தன் லேபுக்கு அழைத்துப் போனாள். வால் கட்டும் ஜீன்களில் ஒவ்வொன்றாகக் கெடுத்துவிட்டு, எந்தக் கிருமி நீந்துகிறது, எது நின்ற இடத்திலேயே நிற்கிறது என்று தட்டுகளில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தடைப் புரோட்டீனையே எடுத்துவிட்ட கிருமி ஒன்று இருந்தது. அதைக் காட்டி, "இது பெரியப்பா இல்லாத பந்தி," என்றாள் தமிழில். மாணவர்கள் இரண்டு பேர், ஒரு பையன், ஒரு பெண். இருவருக்கும் இருபது வயதுக்கு மேல் இருக்காது. தட்டில் கிருமி நீந்திப் பரவிய வட்டம் எவ்வளவு அகலம் என்று அளக்க வேண்டிய நேரம் வந்ததும், சுமதியோடு சேர்த்து மூவரும் தனித்தனியாகப் பார்த்தார்கள். கையுறையைக் கழற்றி, கையைக் கழுவி, இடது உள்ளங்கையில் எழுதினார்கள். மூவரும் ஒன்றாக விரித்தார்கள்.

நான் சுமதி பக்கம் திரும்பினேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பையன் எனக்கு விளக்கம் சொன்னான்: இங்கே இப்படித்தான் செய்வோம், எங்கள் லேபின் பழக்கம் இது. ஏன் இடது கை என்று கேட்டேன். அவனுக்குத் தெரியவில்லை. அவர்கள் எழுதுவது தண்ணீரில் கலையும் மார்க்கர் பேனாவால். அது தப்பு, பால்பாயிண்ட்தான் சரி என்று வரும் வழியில் சுமதியிடம் சொன்னேன். சரிப்பா என்றாள்.

ரத்னம்மா சங்கராந்திக்கு எழுதியிருந்தாள். குப்பி இன்னும் ஆறு இருக்கிறதாம், எண் மாறவில்லையாம், நீங்கள் எப்போது வருவீர்கள் என்று கேட்டிருந்தாள். இந்த நீட்டிப்பு ஜூலையில் முடிகிறது. லலிதா இன்னொரு விண்ணப்பம் போடலாம் என்கிறாள். நான் இங்கே உட்கார்ந்து காற்றை ஃபாரன்ஹீட்டில் படித்துக்கொண்டிருக்கும்போது, மைசூரில் தினமும் காலையில் யாரோ என் ரத்தத்தைக் கருப்பு அட்டைக்கு எதிரே பிடித்துப் பார்க்கிறார்கள் என்பது எனக்கு ஒரு தைரியம்.

அந்த வாரச் செலவை மட்டும் எழுதி முடிக்கிறேன். டாக்டருக்கு நாற்பது ரூபாய். சந்து முனை லேபுக்கு ஐம்பத்தைந்து. ஆட்டோ மூன்று தடவைக்கு முப்பத்தாறு. ரத்னம்மாவுக்கு அரைக் கிலோ மைசூர்பாகு நாற்பத்தெட்டு. மாத்திரை டாக்டர் கையிருப்பிலிருந்து இலவசமாகக் கொடுத்தது. டிராவல் ஏஜெண்டுக்குக் கொடுத்த எழுநூற்றைம்பதில் பாதியைத் திருப்பித் தருவதாகவும், எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம் என்றும் அவர் சொன்னார். பால் வாங்க இரண்டு வருடம் தினமும் அந்தக் கடை வாசலைத் தாண்டித்தான் போனேன். அவள் தங்கிவிடுவாளோ என்று நான் பிடித்து வைத்த ஜூலை 12 இடத்துக்கான அந்தப் பணத்தை நான் திருப்பிக் கேட்கவில்லை.

ஆகவே மொத்தம் தொள்ளாயிரத்து இருபத்தொன்பது ரூபாய்.